மனைவி ஒருவர் என்று எழுதிய பாஸ்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போகிற இந்தப் பயணத்தில் பல இடங்களில் கோபப்படுகிறேன். அத்தனை இடத்திலும் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன். அப்போது அது யாருக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு வருஷம். கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கூட்ஸ் ஆபீசில் எனக்குக் குமாஸ்தா வேலை. அந்த வருஷம்தான் ஒரு படி உயர்வு வந்து, மூன்றாம் வகுப்பு பாஸிலிருந்து இரண்டாம் வகுப்பு பாஸுக்கு ஏறியிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்க்காதவர்களுக்கு இதன் அருமை புரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் உண்டு. அதில் நம் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்களுக்குப் பெயர் கிடையாது, மனைவி ஒருவர், பிள்ளைகள் இத்தனை பேர் என்று போட்டிருக்கும். தாய் தகப்பனுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் அதில் இடமில்லை. ஆனால் பெயர் இல்லாத இடத்தில் யாரையாவது உட்காரவைப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. மச்சினி மனைவியாகியிருக்கிறாள், அண்ணன் பிள்ளைகள் சொந்தப் பிள்ளைகளாகியிருக்கிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சாமர்த்தியங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். நானும்தான் சிரித்தேன்.

என் தங்கையைக் கிள்ளானுக்கு வடக்கே, மேரு பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் வேலை பார்த்தவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர். மலேரியாக் காய்ச்சலுக்கு ஊராருக்கெல்லாம் கொயினா மாத்திரை கொடுத்தவனை அந்தக் காய்ச்சலே கொண்டுபோய்விட்டது. கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. பதினாறாம் நாள் தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து செய்யவேண்டியதைச் செய்தார்கள். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன்.

ஏழு மாதம் எங்களோடு இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். சமையலறையிலும் அதன் பின்னால் இருந்த சின்ன அறையிலுமாக அவள் பொழுது போனது. காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்புகிற சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எதிரே வந்துவிடக் கூடாதாம். அப்படிச் செய்யச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். செய்யாதே என்றும் சொன்னதில்லை.

அவளை அனுப்பிவைக்கும்படி, அம்மா சொல்லி யாரோ எழுதிய கடிதம் இந்தியாவில் எங்கள் ஊரிலிருந்து வந்தது. கிள்ளானுக்குப் பக்கத்துத் துறைமுகத்திலேயே கப்பல் ஏற்றியிருக்கலாம். ஆனால் தனியாக ஒரு பெண்ணை எப்படி ஏற்றுவது? பினாங்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்த் தம்பதி ஒன்று அந்த மாதம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவதாக இருந்தது. பிறை ஸ்டேஷனில் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டால் வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கோலாலம்பூரிலிருந்து பிறைக்கு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும்.

டிக்கெட் எடுக்க எனக்கு வக்கில்லாமல் இல்லை. இதை மறைக்க மாட்டேன். புது பாஸ் சட்டைப் பையில் இருந்தது. மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி, கால் வீங்கிப்போய் வீட்டில் கிடந்தாள். அந்த வருஷத்து பாஸ் வீணாகப் போகிறதே என்று இருந்தது. மெத்தை போட்ட இருக்கையில் குடும்பஸ்தனாக உட்கார்ந்து போகிற ஆசை இருந்தது. வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக இருப்பவளை அருகில் வைத்துக்கொண்டு இரண்டாம் வகுப்பில் அத்தனை பேர் பார்வையில் உட்காரக் கூச்சமாகவும் இருந்தது. கடைசியாகச் சொன்னதை அன்றைக்கு யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

தங்கைக்குப் பொட்டு வைத்து, உன் இடத்தில் கூட்டிப்போகிறேன் என்று மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இது பாவங்க. ஒரு டிக்கெட்டு வாங்கிடுங்க. அவ நெத்தியோட விளையாடாதீங்க."

கத்தினேன். பாஸ் எதற்குக் கொடுக்கிறார்கள் தெரியுமா, ஆபீசில் எல்லாரும் செய்வதுதான், நான் மட்டும் என்ன அரிச்சந்திரனா என்று என்னென்னவோ சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். தங்கைக்கும் கேட்டது. அவள் சமையலறையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றதும் நானே அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"மஞ்சக் கயிறும் கட்டணுமாண்ணே?"

கட்டத்தான் வேண்டும், வண்டியில் நம் ஆட்கள் இருப்பார்கள், சந்தேகம் வந்தால் என் வேலைக்கே உலை என்றேன். சரி என்று தலையாட்டினாள். வேலைக்கு உலை என்ற பிறகு அவள் வேறென்ன சொல்ல முடியும்?

கிளம்புகிற அன்று காலையில் மனைவி தன்னுடைய பச்சைச் சேலையையும் குங்குமச் சிமிழையும் அந்தச் சின்ன அறையின் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உதவிக்கு அவள் வரவில்லை. தங்கை ஒரு நூலில் மஞ்சள் பூசி, மஞ்சள் துண்டு ஒன்றை அதில் கோத்து, தன் கையாலேயே கழுத்தில் கட்டிக்கொண்டாள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அதைச் செய்தாள். வெளியே வந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயதுதான் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ஏழு மாதமாக அது மறந்தே போயிருந்தது.

வண்டியில் எங்களுக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அவர் தைப்பிங்கில் கவர்மெண்டு ஆபீசில் பெரிய கிளார்க்கு. வண்டி ரவாங்கைத் தாண்டுமுன்னே பத்திரிகையை முகத்துக்குப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். அந்தம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாத மனுஷி. எங்கே போகிறோம் என்று கேட்டார். தாய்வீட்டுக்கு அனுப்பிவைக்கப் பிறை வரைக்கும் போகிறேன் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். தங்கை ஜன்னலோரமாக ஒடுங்கி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். பாஸை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். மனைவியா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்று சொன்னாலே போதும். எனக்குப் பயத்தில் அது போதாது என்று தோன்றி, என் மனைவிதான் என்று முழுசாக, கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். என் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை தலையைக் குனிந்து கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு யார்மேல் எரிச்சல் வந்தது தெரியுமா? அவள்மேல். ஒரு பெண்டாட்டி இருக்கிற மாதிரி இருக்கத் தெரியவில்லையே என்று.

அந்தம்மாதான் அவளைப் பேசவைத்தார். கூடையிலிருந்து பலகாரம் எடுத்துக் கொடுத்தார். தலையில் இருந்த பூச்சரத்தில் பாதியைக் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டதற்கு இன்னும் இல்லை என்றாள். அதற்கு ஒரு நேர்த்திக்கடன் சொல்லிக்கொடுத்தார். பிறகு, உம்மட அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் பிள்ளை என்று கேட்டார்.

நான் இடையில் புகுந்து ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் முந்திக்கொண்டாள்.

அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும் என்றாள். எனக்கோ கத்தரிக்காய் இல்லாமல் குழம்பு இறங்காது. மீன் வாங்கினால் தலையை அவளுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் அவர் சாப்பிடுவார் என்றாள். சவரம் செய்யும்போது பாடுவார், ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது, முதல் இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் பாடுவார், கேட்கிறவளுக்குத்தான் தலைவலி என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் பாடுவாரோ? பார்த்தால் தெரியேல்லையே."

நானும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஒன்றும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. செத்துப்போன தன் புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழு மாதமாக என் வீட்டில் அவன் பெயரை யாரும் எடுத்ததில்லை. எடுத்தால் அவள் அழுவாள் என்று நினைத்தோம், அதைக் கருணை என்றும் நினைத்தோம். அவன் எப்படிப்பட்டவன் என்று நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. கல்யாணத்தன்று பார்த்தது, பிறகு இரண்டு தீபாவளி, அப்புறம் பிணமாகப் பார்த்தது. மாப்பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சம்பளம்தான்.

ஈப்போ போகும்வரை பேசினாள். ஈப்போ தாண்டியும் பேசினாள். தோட்டத்துப் பிள்ளைகள் கசக்கிறதென்று கொயினாவைத் துப்பிவிடுமாம். அதனால் வீட்டுச் சர்க்கரையை ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போவானாம். மாதக் கடைசியில் காப்பிக்குச் சர்க்கரை இருக்காதாம். மழைநாளில் கால்வாயில் ஆமைக்குட்டி கிடந்தால் தொப்பியில் வைத்துக்கொண்டு வந்து, இனிமேல் இதுதான் நம் மூத்த பிள்ளை என்பானாம். பேச்சு முழுக்க அவர் செய்வார், அவர் சொல்வார் என்றே வந்தது. செய்தார் என்று ஒரு இடத்தில்கூட வரவில்லை. முந்தானை தோளிலிருந்து நழுவியிருந்ததையும் அவள் கவனிக்கவில்லை.

பாடாங் ரெங்காஸ் தாண்டினால் மலைக்குள் குகைகள் வரும். வண்டி உள்ளே நுழைந்ததும் பெட்டி இருட்டாகிவிட்டது. அந்த இருட்டில் அந்தம்மா அவள் காதில் ஏதோ சொல்லியிருக்கவேண்டும், தங்கை சத்தம் போட்டுச் சிரித்தாள். சின்ன வயதில் அவள் அப்படித்தான் சிரிப்பாள். நான் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று தெரியவில்லை. வெளிச்சம் வந்தபோது கரி விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

தைப்பிங்கில் அவர்கள் இறங்கினார்கள். கணவர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது அந்தம்மா கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் தங்கையின் நெற்றியிலும் அந்த மஞ்சள் கயிற்றிலும் வைத்தார். பிறகு தன் தலையைக் குனிந்தார்.

"நீரும் எனக்கு வைச்சுவிடும் பிள்ளை."

அவள் கையை இழுத்துக்கொள்வாள், எல்லாம் வெளுத்துப்போகும் என்று நினைத்தேன். கண்ணாலேயே மிரட்டலாம் என்று பார்த்தால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, நிதானமாக அந்தம்மாவின் நெற்றியில் வட்டமாக வைத்து, சிந்திய தூளை விரலால் துடைத்தும் விட்டாள். நல்லா இருங்கக்கா என்றாள். அடுத்த தடவை பிள்ளையோடு வா என்று அந்தம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கினார்.

வண்டி நகர்ந்ததும் நான் ஆரம்பித்தேன். இத்தனை பேச்சு எதற்கு, எங்காவது மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், உனக்கு அறிவு வேண்டாமா என்று சீறினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். வாடாமல் கொஞ்சம் பூ இன்னும் தலையில் இருந்தது. முகத்தில் வருத்தம் இல்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

புக்கிட் மெர்தாஜாம் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அடுத்தது பிறைதான். ஊர்க்காரர்கள் அங்கே காத்திருப்பார்கள். போய் முகத்தைக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு வா என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அப்போதுதான் நேராக என்னைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேண்ணே. பிறை வர்ற வரைக்கும் இருக்கட்டும். வண்டி நிக்கறதுக்குள்ள அழிச்சிடறேன்."

கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பெட்டியில் எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. பரிசோதகரும் எப்போதோ போய்விட்டார். கொடுத்திருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் எனக்கு, வண்டி மெதுவாகும்போது அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றிருந்தது. புருஷன் செத்து வருஷம்கூட ஆகவில்லை, தங்கச்சியைப் பொட்டும் பூவுமாகக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று ஊர் முழுக்கப் பேசுவார்கள். காலையில் அந்தப் பொட்டை வைக்கச் சொன்னதும் நான்தான். அது மட்டும் அப்போது நினைவில் இல்லை.

"மானத்த வாங்காத. போ."

பெட்டியின் கோடியில் இருந்த கழிப்பறைக்குத் துணி மூட்டையோடு போனாள். ரொம்ப நேரம் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்பவும் கேட்டது. நான் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு தடவை தட்டியிருந்தால் பரவாயில்லை, மூன்று தடவை தட்டினேன்.

கதவைத் திறந்துகொண்டு வெள்ளைச் சேலையில் வந்தாள். நெற்றி, தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோயிருந்தது. கயிறு கைக்குள் சுருட்டியிருந்தது. நின்றவாக்கிலேயே, தணிந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்குப் பதினாறாம் நாளு மத்தவங்க சேர்ந்து பண்ணாங்கண்ணே. நான் கண்ண மூடிக்கிட்டேன். இன்னிக்கு என் கையாலயே பண்ண வச்சிட்டீங்க."

கயிற்றைக் கொடு என்று வாங்கி ஜன்னல் வழியாக வயல்பக்கம் எறிந்தேன். வாழைப்பழத் தோலை எறிகிற மாதிரிதான் எறிந்தேன். அந்த ஒரு சின்னக் காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

பிறையில் ஊர்க்காரர்கள் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார்கள். அந்த ஊர்க்காரப் பெண் தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்சம் தேறியதும், பிரயாணம் எப்படி இருந்தது, மூன்றாம் வகுப்பு நெரிசலில் நசுங்கிப்போயிருப்பாயே என்று கேட்டாள். இல்லை, அண்ணன் இரண்டாம் வகுப்பில் கூட்டிக்கொண்டு வந்தார், ஒரு குறையும் வைக்கவில்லை என்றாள் தங்கை. அவர்கள் இரண்டு பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். கூடப்பிறந்தவன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார் அந்த மனிதர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பினாங்குக்குப் போகும் பெரிப் படகு கிளம்புகிறவரை அந்த முகத்தோடுதான் துறையில் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள், அவள் அழுதாளா என்று. இல்லை என்றேன். அது உண்மைதான்.

தங்கை ஊரில் இருபத்தேழு வருஷம் இருந்தாள். நான் திரும்பிப் போகவே இல்லை. யுத்தம், பிள்ளைகள் படிப்பு என்று ஏதாவது ஒரு சாக்கு இருந்துகொண்டேயிருந்தது. கடிதத்தில் அம்மா உடம்பைக் கேட்பேன், மழை பெய்ததா என்று கேட்பேன். மாப்பிள்ளை சவரம் செய்யும்போது என்ன பாட்டுப் பாடுவார் என்று ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாம். பத்துப் பதினைந்து தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதுவதைவிட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது, இரண்டையும் எழுதவில்லை.

அவள் காலமான செய்தியைச் சித்தப்பா மகன் எழுதியிருந்தான். கடைசிவரை உங்களைப் பற்றித்தான் பேச்சு அண்ணா, கோலாலம்பூரிலிருந்து இரண்டாம் வகுப்பு ரயிலில் நீங்கள் கூட்டிக்கொண்டு போன அந்த ஒரு நாளை, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள் என்று இருந்தது. படித்துவிட்டுப் பகல் முழுக்க வாசலுக்கு வராமல் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் அத்தனை வருஷம் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாளா? இல்லை, உண்மையிலேயே அந்த நாள் அவளுக்கு அவ்வளவு பெரிதா? முதலாவது என்றால் நான் அதற்குத் தகுதியில்லாதவன். இரண்டாவது என்றால், அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த அந்த ஒரே நாளிலும் கடைசி அரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவன் நான்.